டியூட்டி முடிஞ்சாலும் உன் கையெழுத்து கேஸ் ஷீட்லயேதான் இருக்கும்

தங்கச்சி, வேலையில சேர்ந்த அன்னைக்கே ஒரு காரியம் பண்ணிடு. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கைக்கு வந்ததும் சம்பளம் போட்டிருக்கிற வரியை மட்டும் பார்த்துட்டு பைக்குள்ள மடிச்சு வைக்காதே. கடைசிப் பக்கம் வரைக்கும் நிதானமா படி. ‘பணியாளரின் கவனக்குறைவால் நிர்வாகத்துக்கு ஏற்படும் இழப்பைப் பணியாளரிடமிருந்து வசூலிக்கலாம்’ங்கிற மாதிரி ஒரு வரி இருக்கான்னு தேடு. இருந்தா பெரும்பாலும் நோட்டீஸ் பீரியடுக்கும் யூனிஃபார்முக்கும் நடுவுல, கண்ணுல படாத இடத்துலதான் இருக்கும்.

இருக்கோ இல்லையோ, ஹெச்.ஆர்.ல நேரா கேளு: “மேடம், நோயாளி தரப்புல கேஸ் போட்டா ஆஸ்பத்திரி எடுத்திருக்கிற இன்ஷூரன்ஸ்ல நானும் வர்றேனா? வக்கீல் செலவை யார் பாக்குறது?” வாயால பதில் சொன்னாங்கன்னா, அன்னைக்கு சாயங்காலமே “இன்னைக்கு நீங்க சொன்னபடி…”ன்னு ஆரம்பிச்சு நாலு வரி ஈமெயில் போட்டுடு. புதுசா சேர்ந்த பொண்ணு முதல் நாளே கேஸு கோர்ட்டுன்னு பேசுறாளேன்னு நினைப்பாங்களோன்னு கூச்சமா இருக்கும். நினைச்சா நினைக்கட்டும். டாக்டர்கள் இதைக் கேட்டுட்டுத்தான் சேர்றாங்க. அவங்களை யாரும் தப்பா நினைக்கிறதில்லை.

அசல் சர்டிஃபிகேட்டை ‘சேஃப்டிக்கு’ன்னு வாங்கி பீரோவுல பூட்டி வைக்கிற பழக்கம் இன்னும் ஒழியல. அப்படிப் பிடிச்சு வைக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை கிடையாது. இத்தனை வருஷம் இங்கேயே வேலை பார்க்கணும்னு கட்டிப் போடுற பாண்டு முறையும் கூடாதுன்னு இந்திய நர்சிங் கவுன்சிலே சுற்றறிக்கை விட்டிருக்கு. சரிபார்க்கக் காட்டு, ஜெராக்ஸ் கொடு, அசலைக் கையோட வாங்கிட்டு வா. ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, சர்டிஃபிகேட் அவங்ககிட்ட இருக்கிற வரைக்கும் உன்னால எதுக்கும் ‘முடியாது’ன்னு வாய் திறக்க முடியாது. மூணாவது நாளா தொடர்ந்து நைட் பார்க்கச் சொன்னாலும் தலையாட்டுவே. அங்கேதான் தப்பு நடக்கிறதுக்கான பாதை ஆரம்பிக்குது.

பணம் கட்டுறது யார், உள்ளே போறது யார்

ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆயிட்டா குடும்பத்துக்கு முன்னாடி ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு நஷ்டஈடு. இன்னொண்ணு போலீஸ். இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு ராத்திரி பூரா தூங்காம கிடக்கிற பிள்ளைங்களை நிறையப் பார்த்திருக்கேன். அதனால தனித்தனியா சொல்றேன்.

காசு வாங்கிட்டுப் பார்க்கிற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு சுப்ரீம் கோர்ட் 1995-லயே வி.பி. சாந்தா வழக்குல சொல்லிடுச்சு. இப்ப இருக்கிறது 2019-ம் வருஷத்துச் சட்டம். சம்பவம் நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். இந்த மாதிரி வழக்குல பெரும்பாலும் பணம் கட்டுற பொறுப்பு ஆஸ்பத்திரி மேலதான் விழும். நர்ஸ் செஞ்ச தப்புக்கும் முதலாளிதான் பொறுப்புங்கிறதுக்குப் பெரிய உதாரணம் டெல்லி ஸ்பிரிங் மெடோஸ் ஆஸ்பத்திரி வழக்கு. டைஃபாய்டுன்னு சேர்த்த ஒரு சின்னப் பையனுக்கு நர்ஸ் நரம்புல ஊசி போட்டதும் இதயம் நின்னுடுச்சு. உயிர் மிஞ்சினாலும் மூளை திரும்பல. ஊசி போட்டவங்க முறையா நர்சிங் படிச்சவங்களே இல்லைங்கிறது விசாரணையில வெளிய வந்துச்சு. பையனுக்குப் பன்னிரண்டரை லட்சம், பெத்தவங்களுக்கு அஞ்சு லட்சம்னு கொடுத்த தீர்ப்பை 1998-ல சுப்ரீம் கோர்ட் உறுதி செஞ்சது. 2004-ல சவிதா கர்க் வழக்குல இன்னும் ஒரு படி மேல போய், எந்த டாக்டர், எந்த ஊழியர்னு நோயாளி பேர் சொல்லி வழக்குல சேர்க்காட்டியும் ஆஸ்பத்திரி பதில் சொல்லியாகணும்னு சொல்லிட்டாங்க.

இதுல நமக்கு ஓரளவு நிம்மதி உண்டு. ஆனா கிரிமினல் வழக்குல முதலாளி உனக்குப் பதிலா கூண்டுல நிக்க முடியாது.

இதைக் கொஞ்சம் கவனமா படி, ஏன்னா நம்ம பிள்ளைகள்ல பல பேருக்கு இது தெரியல. 2024 ஜூலை 1-ல இருந்து ஐ.பி.சி. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கு. பழைய 304ஏ பிரிவுல கவனக்குறைவால மரணம்னா யாரா இருந்தாலும் அதிகபட்சம் ரெண்டு வருஷம். புதுச் சட்டத்துல அது 106(1). தண்டனை அஞ்சு வருஷம் வரைக்கும். பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை கொடுக்கிறப்போ நடந்தா மட்டும் ரெண்டு வருஷம்னு தனியா வரி போட்டிருக்காங்க. மருத்துவர்னா யாருன்னு விளக்கமும் அங்கேயே இருக்கு: தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி படிச்சு, மருத்துவப் பதிவேட்டுல பேர் இருக்கிறவங்க. நம்ம பேர் இருக்கிறது நர்சிங் கவுன்சில் பதிவேட்டுல. டெக்னீஷியன் பேரும் மருத்துவப் பதிவேட்டுல வராது. ஆக, ஒரே தியேட்டர், ஒரே டேபிள், ஒரே சம்பவம். டாக்டருக்கு மேல்வரம்பு ரெண்டு வருஷம், பக்கத்துல நின்ன ஸ்டாஃப் நர்ஸுக்கும் அனஸ்தீஷியா டெக்னீஷியனுக்கும் அஞ்சு வருஷம். இது அநியாயம். டாக்டர் வாயால சொன்ன ஆர்டரைக் கையால செய்யறவங்களுக்கு அவரை விடக் கூடுதல் தண்டனைன்னு எந்த நியாயத்துல எழுதினாங்க? நம்ம சங்கங்கள் போனஸுக்கும் பணி நிரந்தரத்துக்கும் போராடுற அதே வேகத்தோட இதையும் கேட்டாகணும்.

பயமுறுத்தச் சொல்லல. 106(1) ஜாமீன்ல விடக்கூடிய குற்றம்தான். சாதாரணத் தவறு வேற, யாருமே செய்யத் துணியாத மோசமான அலட்சியம் வேற, ரெண்டாவதுக்குத்தான் கிரிமினல் வழக்குன்னு 2005-ல ஜேக்கப் மேத்யூ தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் வரையறுத்திருக்கு. விசாரணை அதிகாரி முதல்ல அந்தத் துறை தெரிஞ்ச, சார்பில்லாத ஒரு டாக்டர்கிட்ட கருத்து வாங்கணும், வழக்கமான கைது கூடாதுன்னும் சொல்லியிருக்கு. அது டாக்டர்களை மனசுல வச்சு எழுதின தீர்ப்புதான். இருந்தாலும் நர்ஸுக்காக வர்ற வக்கீலும் அதைக் கோர்ட்டுல எடுத்துக் காட்டலாம். வழக்கு வந்தா உன் வக்கீல்கிட்ட அந்தப் பேரை நீயே சொல்லு.

ஒத்தை ஆளா வார்டு பார்க்கிறப்போ

சாதாரண ஆஸ்பத்திரி வார்டுல அஞ்சு நோயாளிக்கு ஒரு நர்ஸ், ஐ.சி.யு.வுல ஒருத்தருக்கு ஒருத்தர். இது நர்சிங் கவுன்சில் வச்சிருக்கிற கணக்கு. நீ வேலை பார்க்கிற இடத்துல ராத்திரி எத்தனை பேருக்கு ஒருத்தின்னு நான் கேக்கவே வேண்டாம். சம்பளமும் அப்படித்தான். சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கப்புறம் மத்திய அரசு போட்ட குழு, அம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில கூட மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதுன்னு 2016-ல பரிந்துரைச்சது. பல இடங்கள்ல அது பரிந்துரையாவே நின்னுபோச்சு. அதனால வீட்டு வாடகைக்காகவும் தம்பி ஃபீஸுக்காகவும் ஒரு இடத்துல நைட் முடிச்சு இன்னொரு இடத்துல மார்னிங் ஓடுற பிள்ளைங்க இருக்காங்க. கண்ணு சொருகிக்கிட்டே ஆம்ப்யூல் உடைக்கிற கை அது. தப்பு நடந்தா விசாரணையில யாரும் ‘எத்தனை மணி நேரமா நின்னுக்கிட்டு இருந்தே?’ன்னு தானா கேக்க மாட்டாங்க. நீ எழுதி வச்சிருந்தாத்தான் அது பேச்சுல வரும்.

அதனால ஆள் பத்தாத ஷிஃப்ட்ல புலம்பிக்கிட்டே வேலையை ஆரம்பிக்காதே. ஹேண்டோவர் எடுத்ததும் ரிப்போர்ட் புக்குல இப்படி ஒரு வரி போடு:

“இரவு 8 மணி ஷிஃப்ட். வார்டில் 22 நோயாளிகள். இருவர் இன்று ஆபரேஷன் ஆனவர்கள், ஒருவருக்கு ரத்தம் ஏறுகிறது. பணியில் நான் மட்டும். 8.20-க்கு நைட் சூப்பர்வைசரிடம் போனில் கூடுதல் ஆள் கேட்டேன். ஆள் இல்லை என்றார்.”

குற்றம் சொல்ற தொனி வேண்டாம். எண்ணிக்கை, நேரம், யார்கிட்ட சொன்னே, என்ன பதில், அவ்வளவுதான். ரிப்போர்ட் புக்குல எழுதக் கூடாதுன்னு இன்சார்ஜ் தடுத்தா, சூப்பர்வைசருக்கு அதே வரியை மெசேஜா அனுப்பு. நோயாளி பேர், ஐ.பி. நம்பர் எதுவும் அதுல வரக் கூடாது. அனுப்பிட்டு வேலையைப் பாரு. கோபத்துல வார்டை விட்டுட்டு மட்டும் போயிடாதே. பொறுப்பு எடுத்துக்கிட்ட நோயாளியை அடுத்தவங்க கையில ஒப்படைக்காம போனா, அதுவரைக்கும் உன் பக்கம் இருந்த நியாயம் எல்லாம் போயிடும்.

பழக்கமில்லாத இடத்துக்கு அனுப்பினாலும் இதே வழிதான். டயாலிசிஸ் மெஷினைத் தொட்டதே இல்லைன்னா, “வர்றேன் சிஸ்டர், பி.பி. பார்க்கிறேன், மருந்து கொடுக்கிறேன். மெஷினை ட்ரெயினிங் இல்லாம தனியா கையாள மாட்டேன்”னு பணிவா, தெளிவா சொல்லு. எதைச் செய்வேன்னு முதல்ல சொல்லிட்டு எதைச் செய்ய மாட்டேன்னு அப்புறம் சொன்னா, எதிர்த்துப் பேசுறான்னு யாராலயும் சொல்ல முடியாது.

நோட்ஸ் எழுதுறதுல இருக்கு பாதி

ரெண்டு வருஷம் கழிச்சு நோட்டீஸ் வர்றப்போ உனக்கு அந்த நோயாளி முகம் கூட ஞாபகம் இருக்காது. கேஸ் ஷீட் மட்டும்தான் பேசும். பாதி பேர் எழுதுறது இப்படி இருக்கு: “நோயாளி நல்லா இருக்கார். டாக்டருக்குச் சொல்லியாச்சு.” எந்த டாக்டர்? எத்தனை மணிக்கு? என்ன சொன்னே? அவர் என்ன சொன்னார்? ஒண்ணுக்கும் பதில் இல்லை.

இங்கிலீஷ்ல நீ எழுதுறதோட சாரம் இந்த மாதிரி இருக்கணும்: “1.40: பி.பி. 84/50, பல்ஸ் 128. கடந்த 2 மணி நேரத்தில் யூரின் 20 மி.லி. 1.45: டியூட்டி டாக்டருக்கு (பேர் எழுது) போன் செய்து இந்த அளவுகளைச் சொன்னேன். என்.எஸ். 500 மி.லி. வேகமாக விடச் சொன்னார். திருப்பிச் சொல்லி உறுதி செய்தேன். 1.50: ஆரம்பித்தேன். 2.10: டாக்டர் நேரில் வந்து பார்த்தார். பி.பி. 96/60.” எழுத ஒண்ணரை நிமிஷம் ஆகும். எந்த வக்கீலாலயும் இதைச் சுலபமா உடைக்க முடியாது.

டாக்டர் போனை எடுக்கலைன்னா ஒவ்வொரு தடவை கூப்பிட்ட நேரத்தையும் எழுது. அடுத்து யாரைக் கூப்பிட்டேங்கிறதையும் எழுது. ரெண்டாவது தடவையும் எடுக்கலைன்னா காத்திருக்காதே, அடுத்த நிலையில இருக்கிறவரைக் கூப்பிடு. தூக்கத்துல எழுப்பிட்டோமேன்னு நாலு திட்டு விழும். விழட்டும்.

வாய்மொழி ஆர்டர் அவசரத்துக்கு மட்டும். கேட்டதை அப்படியே எழுதி, மருந்து பேர், அளவு, வழி மூணையும் திருப்பிப் படிச்சுக் காட்டி, காலையில ரவுண்ட்ஸ் வர்றப்போ கையெழுத்து வாங்கிடு. ‘அப்புறம் போடுறேன்மா’ன்னு போற டாக்டரை விடாதே, ஷீட்டையும் பேனாவையும் நீட்டிக்கிட்டே நில்லு. வாட்ஸ்அப்ல ஆர்டர் வந்தா அந்த மெசேஜை அழிக்காதே, ஷீட்டுலயும் ‘வாட்ஸ்அப் வழி, இத்தனை மணி’ன்னு எழுது.

வொயிட்னர் வேண்டவே வேண்டாம். தப்பா எழுதிட்டா ஒரே ஒரு கோடு, உள்ளே இருக்கிறது படிக்கிற மாதிரி, பக்கத்துல நேரமும் கையெழுத்தும். விட்டுப்போனதை எழுதணும்னா ‘தாமதப் பதிவு’ன்னு போட்டு, எழுதுற உண்மையான நேரத்தைப் போடு. ஷிஃப்ட் ஆரம்பத்துலயே காலை ஆறு மணி வரைக்கும் பி.பி. 120/80-ன்னு முன்கூட்டியே நிரப்பி வைக்கிற வழக்கம் சில வார்டுகள்ல இருக்கு. நாலு மணிக்கு நோயாளி போயிட்டு, ஷீட்டுல ஆறு மணிக்கு பி.பி. நார்மலா இருந்தா, அதுக்கப்புறம் நீ எழுதின ஒரு எழுத்தையும் யாரும் நம்ப மாட்டாங்க.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

மருந்துத் தப்புகளைப் பத்தி நூறு சொல்லலாம். ஒண்ணை மட்டும் கிட்டத்துல காட்டுறேன். நம்ம நாட்டுல இன்சுலின் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் இருக்கிற பாட்டிலும் வருது, 100 யூனிட் இருக்கிறதும் வருது. சிரிஞ்சும் ரெண்டு: 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. ஆர்டர் 20 யூனிட். கையில கிடைச்சது சிவப்பு மூடி சிரிஞ்ச், பாட்டில் 100. நீ சரியா 20 கோடு வரைக்கும்தான் இழுப்பே. ஆனா உள்ளே வந்திருக்கிறது அரை மி.லி., அதாவது 50 யூனிட். ரெண்டரை மடங்கு. சாப்பிடாத வயசானவருக்கு அது உயிருக்கே ஆபத்து. மாத்தி எடுத்தா, 40 பாட்டிலும் ஆரஞ்சு சிரிஞ்சுமா, 8 யூனிட்தான் போகும். அப்புறம் ‘சுகர் ஏன் இறங்கல’ன்னு டோஸை ஏத்துவாங்க. கண்ணு பார்த்தது, கை இழுத்தது எல்லாம் சரியா இருந்தும் நோயாளிக்குப் போனது தப்பு. அதனால பாட்டில்ல இருக்கிற எண்ணையும் மூடி நிறத்தையும் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சத்தமாப் படிச்சுக் காட்டிட்டு இழு. ஹெபாரின், பொட்டாசியம் குளோரைடு ரெண்டுக்கும் இதே விதி. பொட்டாசியத்தை எந்த அவசரத்துலயும் நேரா நரம்புல தள்ளாதே, யார் சொன்னாலும்.

தம்பிகளுக்கும் சேர்த்துத்தான்

லேப்லயும் எக்ஸ்-ரேயிலயும் இருக்கிறவங்க ‘நாங்க நோயாளியைத் தொடுறதே இல்லையே, எங்களுக்கு என்ன வரப்போகுது’ன்னு இருந்துடுறாங்க. 2018 டிசம்பர்ல சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில ஒரு கர்ப்பிணிக்கு ஹெச்.ஐ.வி. தொற்று இருந்த ரத்தம் ஏத்தப்பட்ட விவகாரத்தை நினைச்சுப் பாருங்க. சிவகாசி ரத்த வங்கியில இருந்து வந்த ரத்தம். கொடுத்த இளைஞர் முன்னாடி ஒருமுறை கொடுத்த ரத்தத்துலயே தொற்று தெரிஞ்சிருந்தும், அந்தத் தகவல் அவருக்குப் போய்ச் சேரல. எத்தனை இடத்துல ஓட்டை இருந்திருக்கணும்! ஆனா முதல் நடவடிக்கை பாய்ஞ்சது லேப் டெக்னீஷியன்கள் மேல. அந்தத் தாய்க்கு நடந்தது சாதாரணக் கொடுமை இல்லை, அதுக்கு யாரும் சப்பைக்கட்டு கட்ட முடியாது. அதே சமயம், சங்கிலியில கடைசியா கையெழுத்துப் போட்டவங்கதான் முதல்ல மாட்டுவாங்கங்கிறதும் அதுல இருந்து தெரிஞ்சுக்க வேண்டியது.

டியூப்ல லேபிளை நோயாளி பக்கத்துல நின்னுதான் ஒட்டணும். முன்கூட்டியே பத்து டியூபுக்கு லேபிள் ஒட்டி ட்ரேயில வச்சுக்கிட்டு வார்டுக்குப் போகக் கூடாது. “நீங்கதானே லட்சுமி?”ன்னு கேக்காதீங்க, அரை மயக்கத்துல இருக்கிற யாரும் ஆமான்னு தலையாட்டுவாங்க. “உங்க பேர் என்னம்மா?”ன்னு கேட்டு, ஐ.பி. நம்பரையும் பாருங்க. பொட்டாசியம் 6.8-ன்னு வந்தா ரிப்போர்ட்டை கவுன்டர்ல வச்சுட்டுப் போகாதீங்க. வார்டுக்கு போன் பண்ணி, எடுத்தவங்க பேரையும் நேரத்தையும் ரிஜிஸ்டர்ல எழுதுங்க. லேப் ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட வேண்டியது பதிவு பெற்ற டாக்டர்னு 2017 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. டாக்டர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வச்சிருக்கிற வெத்து லெட்டர்ஹெட்ல பிரிண்ட் எடுக்கச் சொன்னா, அது அவருக்கு மட்டும் வர்ற சிக்கல்னு நினைச்சுடாதீங்க.

எக்ஸ்-ரே, சி.டி.யில இருக்கிறவங்க டி.எல்.டி. பேட்ஜை நெஞ்சு மட்டத்துல லெட் ஏப்ரனுக்கு உள்ளே போடுங்க. மேஜை டிராயர்ல தூங்குற பேட்ஜ் உங்களுக்கு ஒரு சாட்சியும் சொல்லாது. மூணு மாசத்துக்கு ஒருமுறை வர்ற அளவைக் கேட்டு வாங்கி வீட்டுல ஒரு காப்பி வையுங்க. அஞ்சு வருஷச் சராசரியா வருஷத்துக்கு 20 மில்லி சீவர்ட்டுங்கிறது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட வரம்பு. பின்னாடி உடம்புக்கு ஏதாவதுன்னா அந்தத் தாள்தான் கைகொடுக்கும். கர்ப்பம் உறுதியானதும் கூச்சம் பார்க்காம எழுத்துல தெரிவிச்சுடுங்க.

இன்ஷூரன்ஸ் எடுக்கிறதுக்கு முன்னாடி

ஆஸ்பத்திரி எடுக்கிற பாலிசி பெரும்பாலும் நிறுவனத்தைக் காப்பாத்துறதுக்காக எடுக்கிறது. அதுல தகுதியுள்ள நர்ஸும் டெக்னீஷியனும் சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். டாக்டர் தனியா எடுத்த பாலிசி டாக்டரைத்தான் காக்கும். நமக்குன்னு தனியா எடுக்கணும்னா ‘புரொஃபெஷனல் இண்டெம்னிட்டி’ன்னு கேளு. யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா மாதிரி அரசு கம்பெனிகள்லயும் தனியார்லயும் விசாரி. எல்லாரும் நர்ஸுக்குத் தனியா தர்றதில்லை. சங்கம் வழியா குழுவா கேட்டா பேச்சு எடுபடும், பிரீமியமும் குறையும்.

ஏஜென்ட் நீட்டுற இடத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி சில கேள்வி. இது ‘கிளெய்ம்ஸ் மேட்’ பாலிசியா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அப்படின்னா, சம்பவம் நடந்த நாள்ல மட்டும் பாலிசி இருந்தா பத்தாது, கேஸ் வர்ற நாள்லயும் உயிரோட இருக்கணும். கேஸ் ரெண்டு வருஷம் கழிச்சு வரும்னு மேல சொன்னேன் இல்லையா, அதனால கல்யாணம், பிரசவம், வேலை மாற்றம்னு நடுவுல விட்டுடாதே. ‘ரெட்ரோஆக்டிவ் டேட்’ என்ன போட்டிருக்கு? அந்தத் தேதிக்கு முன்னாடி நடந்தது எதுவும் சேராது, புதுப்பிக்கிறப்போ அது பிந்தின தேதிக்கு மாறிடாம பார்த்துக்கோ. ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு? வக்கீல் செலவு அந்தத் தொகைக்குள்ளயா, தனியா? அபராதம், கிரிமினல் தண்டனை, போதையில நடந்தது, உன் தகுதிக்கு மீறி செஞ்ச வேலை இதெல்லாம் எந்தப் பாலிசியும் தாங்காது. தகுதிக்கு மீறின வேலைங்கிறதை அடிக்கோடு போட்டுக்கோ. டாக்டர் சொன்னாருன்னு தையல் போட்டதும் ‘நீயே இன்ட்யூபேட் பண்ணு’ன்னதுக்குப் பண்ணதும் அதுலதான் போய் விழும்.

வெளிநாடு போறவங்க கவனிங்க. பிரிட்டன்ல 2014-ல இருந்து இண்டெம்னிட்டி ஏற்பாடு இருந்தாத்தான் நர்ஸ் பதிவே செல்லும். ஐக்கிய அரபு எமிரேட்ஸ்லயும் இது சட்டப்படி கட்டாயம். யார் எடுக்கிறாங்கன்னு ஆஃபர் லெட்டர்லயே பாருங்க.

ஏதாவது நடந்துட்டா

முதல்ல நோயாளி. டாக்டரைக் கூப்பிடு, செய்ய வேண்டியதைச் செய். அப்புறம் இன்சார்ஜ்கிட்ட சொல்லி இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுது. பார்த்தது, செஞ்சது, நேரம் மட்டும். ‘என்னாலதான் ஆச்சு’ன்னோ ‘அவங்கதான் காரணம்’னோ எழுத வேண்டாம், அதைத் தீர்மானிக்க விசாரணை இருக்கு. பழைய நோட்ஸைத் தொடாதே. ‘கொஞ்சம் சரி பண்ணிக்கலாம், இந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதும்மா’ன்னு நிர்வாகத்துல யாராவது நைசா சொன்னா, “எழுத மாட்டேன் சார்”னு சொல்லிட்டு எழுந்து வா. கவனக்குறைவுக்கு வாதாட வழி இருக்கு, திருத்தின ஆவணத்துக்குக் கிடையாது. நர்சிங் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு எழுத்து எழுதாதே. இன்ஷூரன்ஸ் இருந்தா நோட்டீஸ் வந்த உடனே கம்பெனிக்குச் சொல்லு. அவங்க சம்மதம் இல்லாம பணம் தர்றேன்னு நீயா ஒத்துக்காதே.

உறவுக்காரங்க கூட்டமா வந்து கை ஓங்கினா தனியா நின்னு பதில் சொல்லாதே, செக்யூரிட்டியோட ரூமுக்குள்ள போயிடு. டாக்டரோட சேர்த்து நர்ஸ், பாராமெடிக்கல் ஊழியர்களையும் காக்க 2008-ல தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டிருக்கு. புகாரை நிர்வாகம் கொடுக்கும்னு விட்டுடாம நகலைக் கேட்டு வாங்கு.

போலீஸ் ‘சும்மா ஒரு என்கொயரி, ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போம்மா’ன்னா, ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோ. சாட்சியா விசாரிக்க ஒரு பெண்ணை அவ வீட்டை விட்டு வேற இடத்துக்கு வரச் சொல்ல முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 179-ம் பிரிவு. விசாரணையில போலீஸ் எழுதுற வாக்குமூலத்துல நீ கையெழுத்துப் போடத் தேவையில்லை. சூரியன் மறைஞ்சதுக்கப்புறம் பெண்ணைக் கைது செய்யணும்னா விதிவிலக்கான காரணம், பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட் அனுமதி எல்லாம் வேணும். இதைச் சண்டை போடுற தொனியில சொல்ல வேண்டாம். “வக்கீலோட பேசிட்டுச் சொல்றேன் சார்” போதும்.

அரசு ஆஸ்பத்திரியில இருக்கிறவங்களுக்கு முதல்ல வர்றது மெமோ. ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஏ)-யா 17(பி)-யான்னு பாரு. 17(பி)-ன்னா வேலையே போகிற அளவுக்குத் தண்டனை வரலாம். ‘மன்னிக்கவும், இனி நடக்காது’ன்னு அவசரத்துல எழுதிக் கொடுக்கிற ஒத்தை வரி ஒப்புதலாயிடும். விசாரணை ஆவணங்களோட நகலைக் கேளு, அவகாசம் கேளு, சங்கத்துல ஒருத்தரைக் கூட வச்சுக்கிட்டு எழுது.

வக்கீலுக்குப் பணம் இல்லையேன்னு தயங்காதே. 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவா இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. உன் மாவட்டக் கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். போன்ல கேக்கணும்னா 15100.

ஊசி குத்திட்டா அதையும் மறைக்காதே. சோப்பு போட்டுக் கழுவிட்டு உடனே ரிப்போர்ட் பண்ணு. ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டா சில மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது நல்லது, 72 மணி நேரம் தாண்டினா பலன் இல்லை. 28 நாள் விடாம சாப்பிடணும். ஹெபடைட்டிஸ் பி ஊசி மூணு டோஸும் போட்டிருக்கான்னு வேலையில சேர்றப்பவே பார்த்து, கார்டை பத்திரமா வை.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் உன் கவுன்சில் பதிவு எந்தத் தேதி வரைக்கும்னு எடுத்துப் பாரு. பதிவு காலாவதியா இருந்தா பாலிசிக்காரன் முதல்ல அதைத்தான் காட்டி கிளெய்மை மறுப்பான், எதிர்த்தரப்பு வக்கீலும் அதைத்தான் முதல்ல கேப்பார். தேதி நெருங்கியிருந்தா லீவ் போட்டாவது இந்த வாரமே புதுப்பிச்சுடு. பதிவு, பாலிசி, ஆர்டர், ட்ரெயினிங் சர்டிஃபிகேட் நாலையும் போன்ல போட்டோ எடுத்து, வீட்டுல நம்பிக்கையான ஒருத்தருக்கும் ஒரு காப்பி அனுப்பிடு.